சோற்றுக்கு அடியில்

அத்தியாயம் ஒன்பது

அந்த வெள்ளிக்கிழமை காலை என் வீட்டுக்காரர் என்னிடம் கடைசியாகப் பேசியது ரசத்தைப் பற்றி.

"ஆரோக்கியம், இந்தக் கொக்கி சரியில்ல. நேத்தும் ரசம் ஒழுகி பை பூரா நனைஞ்சுடுச்சு. என்ன குழந்தைராஜ், ரசத்துல குளிச்சுட்டு வர்றியான்னு மில்லுல கேக்குறானுவ."

"அறுப்பு முடியட்டும். புதுசு வாங்கிடலாம்."

"அறுப்பு முடியறதுக்குள்ள நான் ஊறிப் போயிடுவேன்."

பழைய பாவாடை நாடாவில் ஒரு துண்டை அறுத்து, டிபன் கேரியரின் கொக்கியை இறுக்கிக் கட்டிக் கொடுத்தேன். வண்டியின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போனார்.

மத்தியானம் அந்த நாடாவை அவிழ்ப்பதற்கு முன்பே நெல் தொட்டிக்குள் இறங்கினார். ஈர நெல் கட்டிபட்டுக் கீழே இறங்காமல் நின்றுவிட்டால், ஓர் ஆள் உள்ளே இறங்கிக் கம்பியால் குத்திவிட வேண்டும். இன்னோர் ஆள் வெளியே ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். எங்கள் பக்கத்து ரைஸ்மில்லில் அதுதான் வழக்கம். அன்று அவர் உள்ளே இருக்கும்போதே ஸ்விட்ச் போடப்பட்டது. நெல் அவரை இழுத்துக்கொண்டது.

இதையெல்லாம் இந்தத் தொடரின் முதல் வாரத்திலேயே எழுதிவிட்டேன். போன வாரம் நிறுத்திய இடம், விசாரணைக்கு வந்தவர்கள் முன்னால் என் கொழுந்தன் ஜோசப்ராஜ் வாய் திறந்த இடம்.

"அண்ணன் குடிச்சிருந்தாரு. யார்கிட்டயும் சொல்லாம அவரா இறங்கிட்டாரு."

போலீஸ், ஆஸ்பத்திரி எந்தக் காகிதமும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் கூடப் பிறந்தவன் சொன்ன பிறகு காகிதத்தை யார் கேட்டார்கள்?

அவர் குடிக்காதவர் என்று நான் எழுதமாட்டேன். சனிக்கிழமைகளில் குடிப்பார். ஆனால் சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தால், ஈஸ்டர் வரைக்கும் தொடமாட்டார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அந்த வெள்ளிக்கிழமை தவக்கால வெள்ளிக்கிழமை. அது ஜோசப்புக்கும் தெரியும். சின்ன வயதில் அவன் முதல் நன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும்போது கையைப் பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப் போனவரே அவர்தான்.

அடுத்த மாதமே ஜோசப் சூப்பர்வைசர் ஆனான்.

அதற்குப் பிறகும் அவனுக்கு ஏன் சோறு கட்டினீர்கள் என்று வாசகர்கள் சிலர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். வீடு ஒன்று, அடுப்பு ஒன்று. அவன் மனைவி செலின் ஜவுளிக்கடைக்கு எட்டு மணிக்கே பஸ் ஏற வேண்டும். இவை காரணங்கள். இன்னொரு காரணமும் இருந்தது. அது ஒரு வருஷம் கழித்து ஒரு வியாழக்கிழமை காலையில்தான் எனக்கே தெளிவானது.

*

அவருடைய வருட நினைவுப் பூசைக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. அன்று காலை ஜோசப்பின் பிளாஸ்டிக் டப்பாவை மூடும்போது மூடியின் காது பிய்ந்து என் கையோடு வந்தது.

"நல்லதாப் போச்சு," என்றாள் செலின், தலை வாரிக்கொண்டே. "மஞ்சக் கறை ஏறிப் பாக்கவே சகிக்கல. அக்கா, இத பாருங்க. கண்ணாடி டப்பா. மேல ரப்பர் மூடி. லின்சிக்கு, எனக்கு, இவுங்களுக்கு, மூணும் ஒரே மாதிரி போட்டுடுவோமா?"

போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். படத்தில் கண்ணாடி டப்பாவுக்குள் ஏதோ பச்சை இலைகள் கிடந்தன.

"இதுல கொழம்பு ஊத்துனா மில்லுக்குப் போய்ச் சேருறதுக்குள்ள ஒடஞ்சுடும்."

"அப்ப நல்ல பிளாஸ்டிக். சூடு தாங்குமாம்."

"பிளாஸ்டிக் வேணாம். ரெண்டு வருசத்துல வெளுத்துப் போவும்."

"ரெண்டு வருசம் வந்தா போதாதாக்கா?"

"போதாது," என்றேன்.

ஜோசப் கொல்லையில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். "அண்ணி, எது வாங்குனாலும் சோறு கொஞ்சம் கூடப் புடிக்கிற மாதிரி வாங்குங்க," என்றான். அவன் எப்போதும் அப்படித்தான். சாப்பாட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கமாட்டான். அடியில் ஒட்டிய குழம்பைக் கடைசிக் கவளத்தால் துடைத்து வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் கை கழுவுவான்.

அவன் அதைச் சொன்னபோதுதான் எனக்குத் தோன்றியது.

"இன்னிக்குக் கட்டிக்கிட்டுப் போவாத," என்றேன். "புது டப்பாவுலயே மத்தியானம் நானே கொண்டாந்து தர்றேன்."

"எதுக்கு அண்ணி வெயில்ல?"

"கருவாட்டுக் கொழம்பு வைக்கலாம்னு இருக்கேன். நாகப்பட்டினத்துக் கருவாடு. மொச்ச போட்டு."

அதற்கு மேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தான். சிரிக்கும்போது அண்ணன் ஜாடை இருக்கும். அந்த ஒரு வருஷமாக நான் அவனை மன்னிக்காததற்கு அந்த ஜாடையும் ஒரு காரணம்.

*

என் மகள் லின்சிக்கு அன்று மத்தியானம்தான் டூட்டி. திருவாரூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் சேர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஸ்கூட்டியில் என்னை ஏற்றிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள்.

"மம்மி, நீ நேத்து ராத்திரியும் தூங்கல."

"வண்டியப் பாத்து ஓட்டு."

"பூசை முடியட்டும். சித்தப்பாகிட்ட நேரா கேளு. நானும் கூட நிக்கிறேன்."

"பூசையில கோயில் வாசல்ல நின்னு வர்றவங்கள எல்லாம் கும்புடப் போறது யாரு? அவன்தான. அண்ணனுக்குப் பூசை வச்ச தம்பின்னு ஊரு சொல்லும். குடிச்சுச் செத்தவனுக்கும் பூசை வைக்கிறான் பாருன்னு சொல்லும். அதுக்கு முன்னாடி நடக்கணும்."

"என்ன நடக்கணும்?"

பாத்திரக்கடை வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

பாத்திரக்கடையில் பேர் வெட்டுகிறவர் குஞ்சிதபாதம். எங்கள் கல்யாணப் பாத்திரங்களில் பேர் வெட்டியதும் அவர்தான். வாசலில் ஒரு முக்காலி, கையில் பேனா மாதிரி ஒரு மெஷின். யார் வந்தாலும் என்ன விசேஷம் என்று கேட்காமல் இருக்கமாட்டார்.

"வாங்கம்மா. சீரா? புதுமனையா?"

"சோத்து டப்பா."

"அதுவும் விசேஷம்தான். தெனம் நடக்குற விசேஷம். எடுத்துப் பாருங்க."

கடைப்பையன் வராததால் அவரே எழுந்து வந்து அடுக்கிக் காட்டினார். உள்ளே ரப்பர் வளையம் போட்டது, நாலு பக்கமும் பூட்டுவது, பொரியலுக்கு உள்ளேயே சின்னக் கிண்ணம் வைத்தது. லின்சி கைப்பைக்குள் அடங்குகிற ஒன்றை எடுத்துத் தண்ணீர் ஊற்றித் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு வரவில்லை. அவள் அப்பா ஒரு வருஷம் முன்னால் கேட்டது இதைத்தான் என்று இரண்டு பேருக்கும் தோன்றியிருக்கும்.

செலினுக்கு உயரம் குறைந்த இரண்டடுக்கு. ஜோசப்புக்கு எடுக்கத்தான் நேரம் பிடித்தது.

"இது நல்லா போவுதும்மா. மூடி மட்டும் பிளாஸ்டிக். லேசா இருக்கும்."

"மூடியும் எவர்சில்வரா இருக்கணும்."

"அப்ப இது."

"தகடு மெலிசா இருக்கு. கீழ விழுந்தா நசுங்கும்."

"இது கனம். பத்து வருசத்துக்கு அசையாது."

"அவன் ரிட்டையர் ஆவுற வரைக்கும் வரணும்."

"உங்க வீட்டுக்காரருக்கா?"

"கொழுந்தனுக்கு."

"குடுத்து வச்ச ஆளு," என்றார் குஞ்சிதபாதம்.

அடியைத் தடவிப் பார்த்தேன். அழகுக்காகச் சில டப்பாக்களின் அடியில் பூ அச்சு அடித்திருப்பார்கள். அது வேண்டாம் என்றேன். வட்டமாக, அகலமாக, வழவழவென்று ஒன்று கிடைத்தது. அதன் கீழ் அடுக்கில் ஓர் ஆள் வயிறு நிறையச் சாப்பிடும் சோறு கொள்ளும்.

முதலில் லின்சியின் டப்பா. "இனிஷியல் சொல்லும்மா."

"கு."

மெஷின் டர்ரென்று இரைந்தது. கு. லின்சி. அந்தக் 'கு'வை அவள் விரலால் துடைத்துவிட்டுப் பையில் வைத்தாள்.

பிறகு ஜோசப்பின் டப்பாவை நீட்டினேன்.

"எங்க போட? மூடியிலயா, விளிம்புலயா?"

"உள்ள. அடியில."

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "சோறு படுற எடத்துலயாம்மா? எழுத்துக்குள்ள கொழம்பு ஏறி நிக்கும். தேச்சாலும் போவாது. நாளாக நாளாகக் கறுத்துடும்."

"கறுத்தா எழுத்து நல்லாத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்ப வெட்டுங்க."

நான் சொன்ன வாசகத்தை அவர் ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். திரும்பக் கேட்கவில்லை. முதுகை வளைத்து, டப்பாவைத் தொடையில் இடுக்கிக்கொண்டு வெட்டினார். வாசகம் இதுதான்: 'அண்ணன் அன்று குடித்திருக்கவில்லை.'

லின்சி என் முழங்கையைப் பிடித்தாள். "மம்மி, வேணாம். சாப்பாட்டுல வேணாம்."

"விஷமா வைக்கிறேன்? எழுத்துதான."

"அதுக்கில்ல."

"பொய் சொன்ன வாய் அது. மத்தியானம் மத்தியானம் அந்த வாய்க்குச் சோறு போற வழியில இது கிடக்கட்டும்."

மெஷின் நின்றது. குஞ்சிதபாதம் துணியால் துடைத்தார். பழக்கதோஷத்தில் கேட்டார்: "கீழ அன்பளிப்புன்னு போடணுமாம்மா?"

நான் அதை யோசித்திருக்கவில்லை.

"போடுங்க," என்றேன். "அன்பளிப்பு, ஆரோக்கியம்."

*

இந்த இடத்தில் மில்லின் சாப்பாட்டு முறையைச் சொல்லியாக வேண்டும். என் வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அங்கே பின்பக்கம் ஒரே ஒரு குழாய். தண்ணீர் நூல் மாதிரி விழும். எல்லாரும் வரிசையில் நின்று டப்பா கழுவினால் படுத்து எழ நேரம் இருக்காது. அதனால் ஆளுக்கு ஒரு கிழமை. அவன் எல்லார் பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்துவிடுவான், மற்றவர்கள் தவிட்டு மூட்டையில் சாய்ந்து கண்ணை மூடுவார்கள். சூப்பர்வைசர் ஆன பிறகும் ஜோசப்பின் டப்பா அந்த வரிசையில்தான் போய்க்கொண்டிருந்தது. அதில் அவனுக்கு ஒரு பெருமை.

வியாழக்கிழமை சாமிதுரை அண்ணனின் முறை. மூட்டை தூக்குகிறவர்களுக்கு அவர் மேஸ்திரி. அவரிடம் ஒரு பழக்கம். கண்ணில் பட்ட எழுத்தை வாய்விட்டுப் படிக்காமல் அவரால் இருக்க முடியாது. பஸ்ஸில் போனால் கடைப் பலகை பூராவும் படிப்பார். வடை மடித்து வந்த தாளைப் படிப்பார். "சாமிதுரைகூடப் போனா ரேடியோ வேணாம்" என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

மதியம் பழைய சைரன் ஊதிக் கொஞ்ச நேரத்தில் லின்சி என்னை மில் வாசலில் இறக்கிவிட்டாள். முகம் கொடுத்துப் பேசாமல் டூட்டிக்குப் போய்விட்டாள்.

"வா தங்கச்சி," என்றார் சாமிதுரை அண்ணன். "மோப்பம் புடிச்சே சொல்லிடுவேன். கருவாடு."

"ஒங்களுக்கும் ஒரு கிண்ணம் இருக்கு அண்ணே."

ஜோசப் புது டப்பாவைத் தூக்கிப் பார்த்தான். "கனமா இருக்கே அண்ணி. சூப்பர்வைசர் டப்பா."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். "கொழுந்தனுக்கு எவர்சில்வரு. எங்க வீட்டுல எனக்கு ஊறுகா பாட்டில்," என்றான் ஒருவன்.

நான் தள்ளிப்போய்த் தூணோரம் நின்றேன். அங்கிருந்து நெல் தொட்டியின் ஏணி தெரியும். ஒரு வருஷமாக நான் அந்தப் பக்கம் வந்ததில்லை. வந்தால் விழுந்துவிடுவேன் என்று நினைத்திருந்தேன். விழவில்லை. ஜோசப்பின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் அள்ளி அள்ளிச் சாப்பிட்டான். மொச்சையைத் தேடித் தேடி எடுத்தான். மேல் அடுக்குக் குழம்பு முழுவதையும் சோற்றில் கவிழ்த்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் சோறு ஓரத்துக்கு ஒதுங்கியது. கடைசிக் கவளத்தை உருட்டி, வழக்கம்போல அடியைத் துடைத்தான்.

கை அப்படியே நின்றது.

அவன் படிப்பதைப் பார்த்தேன். உதடு அசையவில்லை. அந்தக் கவளத்தை வாயில் போட்டான். மென்றான். விழுங்க நேரமாயிற்று. பிறகு டப்பாவை மூடிக் கையிலேயே வைத்துக்கொண்டு எழுந்து குழாய்ப் பக்கம் நடந்தான்.

"ஏய், எங்க போற?" என்றார் சாமிதுரை அண்ணன். "இன்னிக்கு என் மொறை. குடு இங்க."

"பரவால்ல மேஸ்திரி. நானே கழுவிக்கிறேன்."

"புது டப்பான்னா என் கை படக்கூடாதா? குடுய்யா."

பிடுங்கினார். மூடியைத் திறந்தார். தண்ணீரில் நீட்டினார். நூல் மாதிரி விழுந்த தண்ணீரில் குழம்பு கரைந்து எழுத்து ஒவ்வொன்றாக வெளியே வந்திருக்க வேண்டும். மில்லில் அந்த நேரத்தில் மெஷின் சத்தம் இல்லை.

"அண்ணன் அன்று குடித்திருக்கவில்லை," என்று படித்தார். அவர் குரல் பெரிய குரல். "அன்பளிப்பு, ஆரோக்கியம்."

படித்த பிறகுதான் எதைப் படித்தோம் என்று அவருக்கே உறைத்தது.

சாய்ந்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். ஊறுகாய் பாட்டில்காரன் என்னைப் பார்த்தான், ஜோசப்பைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். அவர்கள் எல்லாரும் அன்று அங்கே இருந்தவர்கள். என் வீட்டுக்காரரோடு தினமும் சோறு தின்றவர்கள். அவர் மூச்சில் என்ன வாடை இருந்தது, என்ன இல்லை என்று அறிந்தவர்கள்.

சாமிதுரை அண்ணன் டப்பாவைக் கழுவவில்லை. குழாயடியில் எல்லார் டப்பாவும் கவிழ்ந்திருந்த வரிசைக்கு வெளியே, தரையில் அதைத் தனியாக வைத்தார்.

"இனிமே ஒன் பாத்திரத்த நீயே கழுவிக்க," என்றார்.

நான் அந்த ஒரு வருஷத்தில் முதல்முறையாக வயிறு நிறைந்ததுபோல் உணர்ந்தேன். இதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. ஜோசப் குனிந்து அந்த டப்பாவை எடுத்ததும், எல்லார் கண்ணும் பார்க்க அந்த நூல் தண்ணீரில் அதைத் தேய்த்ததும் எனக்கு இனிப்பாக இருந்தது. இன்னும் அழுத்தித் தேய்க்கட்டும், போகாது என்று நினைத்தேன்.

வாசல்வரை சாமிதுரை அண்ணன் கூட வந்தார். சைரன் ஊதியது.

"சரியாத்தான் எழுதியிருக்க தங்கச்சி," என்றார். "ஆனா பாதிதான் எழுதியிருக்க."

"மீதி என்ன அண்ணே?"

அவர் நெல் தொட்டியின் ஏணியைப் பார்த்தார். "அன்னிக்கு ஸ்விட்சுகிட்ட யாரு நின்னதுன்னு ஒனக்கு ஒருத்தரும் சொல்லலியா?"

"ஜோசப்பா?"

"இங்க வேணாம். நாளைக்கு எனக்கு லீவு. வீட்டுக்கு வா."

உள்ளிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

*

சாயங்காலம் செலின் ஜோசப்புக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டாள். மில்லில் நடந்தது பஸ்ஸிலேயே அவள் காதுக்கு எட்டிவிட்டது.

"ஏன்கா இப்படிப் பண்ணுனீங்க? வீட்டுக்குள்ள வச்சு நாலு அறை அறைஞ்சிருக்கலாம்ல?"

"அவன் வீட்டுக்குள்ளயா வச்சுச் சொன்னான்?"

அவள் அழ ஆரம்பித்தாள்.

ஜோசப் வந்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். காலில் விழுவான் என்றும் எதிர்பார்த்தேன். இரண்டுக்கும் என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தேன். அவன் டப்பாவைப் பையிலிருந்து எடுத்து அடுப்பு மேடையில் வைத்தான். பளபளவென்று கழுவியிருந்தான்.

"ஸ்விட்சுகிட்ட யாரு நின்னா?" என்று கேட்டேன்.

அவன் முகம் வெளிறியது. அவன் என்னைப் பார்க்கவில்லை, அழுதுகொண்டிருந்த செலினையும் பார்க்கவில்லை. சுவரில் இருந்த அண்ணன் படத்தைப் பார்த்தான்.

"நாளைக்கும் இதுலயே கட்டிக் குடுங்க அண்ணி," என்றான்.

"என்னாது?"

"இதுலயே. தெனமும்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மத்தியானம் கிடைத்த அந்த நிறைவு அத்தோடு போயிற்று. அவன் தண்டனையை விரும்பி வாங்கிக்கொண்டால் அது தண்டனையாகுமா? யாரையோ மூடி மறைக்கத்தான் அவன் அதைக் கேட்டு வாங்குகிறானா? எனக்குக் கோபம் குறையவில்லை. யார்மேல் என்பதுதான் மாறத் தொடங்கியிருந்தது.

விடிந்தது. தவக்கால வெள்ளிக்கிழமை. மீனும் கறியும் இல்லை. அவனுக்கு அந்த டப்பாவிலேயே கட்டினேன். எழுத்தின்மேல் சோற்றைப் போட்டு அமுக்கினேன்.

சாமிதுரை அண்ணன் வீட்டுக்குப் போகிற ஆள் வெறுங்கையோடு போகக்கூடாது. ஆணியில் தொங்கிய என் வீட்டுக்காரரின் பழைய கேரியரை இறக்கினேன். மேல் அடுக்கில் ரசம் ஊற்றி, மூடி, கொக்கியை அழுத்தினேன்.

கொக்கி நழுவியது. ரசம் என் புறங்கையில் ஒழுகியது.